மிஷன் கல்லூரியில் படித்தும் கெட்டுப்போகாமல் இருப்பது எப்படி?

மட்டக்களப்பில் பிள்ளையை மிஷன் கல்லூரியொன்றில் சேர்த்துவிட்ட பெற்றோருக்காக எழுதப்படும் வழிகாட்டி இது. சேர்ப்பதற்கு வழி சொல்ல நான் தேவையில்லை. வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல், காணி உறுதி, பழைய மாணவரான தாய்மாமன் என்று அதற்கான ஏற்பாடுகள் ஊரில் நன்றாகவே நடக்கின்றன. சேர்த்த பிறகு பிள்ளை பதின்மூன்று வருடம் உள்ளே இருக்கப்போகிறதே, அதைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை.

இந்தக் கல்லூரிகளைத் தொடங்கியவர்கள் பரீட்சைக்கு ஆள் தயாரிக்க மட்டும் வந்தவர்கள் அல்ல. கணிதம், வேதாகமம், இலக்கணம், பாட்டு, பந்து எல்லாம் ஒரே தலைக்குள் சண்டையில்லாமல் இருக்கலாம் என்று நம்பியவர்கள். அவர்கள் போய்விட்டார்கள். 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கச் சட்டங்கள் வந்தன. இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரியும் புனித மிக்கேல் கல்லூரியும் தேசியப் பாடசாலைகள். கட்டடமும் சம்பளப் பட்டியலும் அரசாங்கத்தின் கைக்குப் போயின. அந்தப் பழைய நம்பிக்கையை மட்டும் எந்தச் சட்டத்திலும் யாரும் குறிப்பிடாததால் அது அங்கேயே தங்கிவிட்டது. கவனமில்லாத பிள்ளையை அது பிடித்துக்கொள்ளும்.

சிலையடியில் அதிக நேரம் நிற்கவேண்டாம்

மட்டக்களப்பு வாயிலடியில் வில்லியம் ஓல்ட் பாதிரியாருக்குச் சிலை இருக்கிறது. செல்ஃபி எடுக்கலாம், வரலாற்றை விசாரிக்கக்கூடாது. விசாரித்தால் தெரியவருவது இதுதான். 1813 கடைசியில் இங்கிலாந்தில் கப்பலேறிய வெஸ்லியன் குழுவில் அவரும் ஒருவர். தலைவர் தோமஸ் கோக் நடுக்கடலில் இறந்தார். ஓல்டின் மனைவியும் அதே பயணத்தில் இறந்தார். 1814 நடுப்பகுதியில் குழு காலியில் இறங்கி, யார் எங்கே போவது என்று பிரித்துக்கொண்டபோது ஓல்டுக்கு மட்டக்களப்பு விழுந்தது. வந்தார், தமிழ் படித்தார், பள்ளிக்கூடங்கள் தொடங்கினார், 1815 ஏப்ரலில் நோயில் இறந்துபோனார். எல்லாம் ஏறத்தாழ எட்டு மாதத்துக்குள்.

நம் பிள்ளைகளுக்கு எட்டு மாதத்தில் இரசாயனவியல் ரியூசனில் இரண்டு அலகு முடிந்தால் அதிகம். இப்படி அவசரப்பட்ட மனிதரை முன்மாதிரியாகக் காட்டினால், 'சேர், அலகு ஏன் இன்னும் முடியவில்லை?' என்று பிள்ளை கேட்கத் தொடங்கிவிடும்.

அந்த எட்டு மாதத்தின் விளைவைத்தான் புளியந்தீவுக்குள் இன்னும் அனுபவிக்கிறோம். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் பிறந்த ஆண்டு 1814 என்கிறது. வின்சென்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை 1820 என்கிறது. கத்தோலிக்கர் சும்மா இருப்பார்களா? 1873இல் புனித மிக்கேல் வந்தது. இவ்வளவு சின்னத் தீவுக்குள் இவ்வளவு கல்லூரியைக் கட்டிவைத்தால் பிள்ளைகள் தப்புவது எப்படி?

நோய் வரலாறு: மயில்வாகனம்

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் என்ற பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல சைவக் குடும்பம். கல்முனையில் மெதடிஸ்தப் பள்ளிக்கூடம், பிறகு மட்டக்களப்பில் புனித மிக்கேல். அங்கே பொனல் அடிகளார் கணிதத்தை ஊட்டினார். பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பாஸ். இதுவரைக்கும் எல்லாம் சரி. இந்த இடத்தில் ஒரு கச்சேரி உத்தியோகம், ஒரு கலியாணம், கல்வீடு என்று முடிந்திருக்கவேண்டிய கதை.

ஆனால் அதற்குள் தொற்றிவிட்டது. விஞ்ஞானம் படித்துக்கொண்டே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக பீ.எஸ்ஸி. பட்டம். அடுத்து சென்னையில் இராமகிருஷ்ண மடம், காவி, விபுலாநந்தர் என்ற புதுப் பெயர். மெதடிஸ்தரும் ஜேசு சபையினரும் சேர்ந்து படிப்பித்த பிள்ளை, ஊருக்குத் திரும்பிவந்து 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்துவைத்தது. படிப்பித்தவர்களுக்குப் போட்டியாகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம்!

அதோடு நின்றாரா? 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1947 ஜூனில் யாழ் நூல் வெளிவந்தது, ஜூலையில் காலமானார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் கையில் எடுத்து, சுருதிகளுக்குக் கணக்குப் போட்டு, வழக்கொழிந்த யாழ்களை மீட்கப் பார்த்த புத்தகம் அது. இப்போது நீங்களே சொல்லுங்கள், இவர் எந்தப் பிரிவு? கணிதமா, கலையா, சங்கீதமா? இசட் புள்ளியை எந்த அட்டவணையில் போட்டுக் கணிப்பது? இப்படியொரு பிள்ளை இன்று உயர்தரத்துக்கு வந்தால் பாடத்தெரிவுப் படிவத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

நினைவுநாளில் கல்லடிச் சமாதிக்குப் போய் மாலை போடலாம். பேச்சுப் போட்டியில் மூன்று நிமிடம் முழங்கலாம். புத்தகத்தைத் திறக்க மட்டும் விடாதீர்கள்.

பாதிரிமாருக்கும் இதே தலையிடிதான்

பெற்றோரே, இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. வடக்கே வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823இல் ஒரு செமினரியைத் தொடங்கியது. தானியேல் பூர் முதல் அதிபர். இங்கிலீசு, தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வானசாஸ்திரம், தத்துவம் எல்லாம் உண்டு. சோறும் படுக்கையும் அங்கேயே. நியூ இங்கிலாந்தின் சின்னக் கல்லூரியொன்றை வேரோடு கிளப்பி வந்து பனங்காணிக்குள் நட்டது மாதிரி. அதைப் போய்ப் பார்த்த எமர்சன் டெனன்ட், ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களோடு சேர்த்து எண்ணத் தக்கது என்று எழுதினார்.

செலவுக்கு அமெரிக்காவில் ஒருவர் பணம் கொடுத்தால் இங்கே ஒரு பிள்ளைக்கு அவர் விரும்பிய பெயர் விழும். கரோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று கம்பீரமாகக் கேட்கிற பெயர்களெல்லாம் அந்த வழியில் வந்தவை. ரியூசன் காசு அனுப்புகிற கனடாச் சித்தப்பா இன்னும் அப்படிக் கேட்கவில்லை என்று நாம் ஆறுதல் அடையலாம்.

1855இல் பொஸ்ரனிலிருந்து மேலிடம் வந்து கணக்குப் பார்த்தது. இங்கிலீசு படித்த பொடியன்கள் அரச உத்தியோகத்துக்குப் போகிறார்கள்; ஊழியத்துக்கு வருகிறவர்கள் போதவில்லை. செமினரியை மூடிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து சென்னைப் பல்கலைக்கழகம் முதல் பீ.ஏ. பட்டம் கொடுத்தபோது வாங்கிய இரண்டு பேரும் வட்டுக்கோட்டைப் பொடியன்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளையும் அந்தக் கரோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் பிறகு சைவத்துக்குத் திரும்பினார்கள். தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார்.

யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளிக்கூடத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கிய ஆறுமுக நாவலர் அங்கிருந்து எழும்பிப்போய் என்ன செய்தார் என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம், அதுவும் பாதிரிமார் நடத்திய ஒழுங்கிலேயே.

மிஷன் கேட்டது ஊழியக்காரன். வீடு கேட்டது உத்தியோகத்தன். வெளியே வந்ததோ பதிப்பாசிரியரும் நாவலரும். இந்தக் கல்வியின் கோளாறே இதுதான்: காசு கொடுத்தவன் கேட்ட சாமான் கைக்கு வராது. பாதிரிமாருக்குப் பள்ளிக்கூடத்தை மூடும் அதிகாரமாவது இருந்தது. நமக்கு அதுவும் இல்லை. ஆகவே பிள்ளையைத்தான் மூடி வைக்கவேண்டும்.

பள்ளிக்கூட நேரத்தில் கவனிக்கவேண்டியவை

முதல் ஆபத்து, ஒன்றரை மணிக்குப் பிறகும் வீட்டுக்குப் போகாத ஆசிரியர்கள். ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்றாலும் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒருவராவது இருப்பார். நூலகத்து வாசலில் நின்று, "மனே, ஒள்ளுப்பம் நில்லு. இதக் கொண்டு போய் வாசிச்சிப்போட்டு மறுகா கொண்டுவா" என்று ஒரு புத்தகத்தை நீட்டுவார். பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகமாகத்தான் இருக்கும். "வகுப்பு இருக்கு சேர்" என்று சொல்லிச் சைக்கிளை மிதிக்கப் பிள்ளையைப் பழக்குங்கள். வாங்கிவிட்டால், திருப்பிக் கொடுக்கும்போது 'என்ன விளங்கின?' என்று கேட்பார். அதற்குப் புள்ளித்திட்டம் கிடையாது.

அடுத்தது காலைக் கூட்டமும் விழாக்களும். சைவப் பிள்ளை நத்தார் கரோலுக்கு இரண்டாம் குரல் பாடும். கத்தோலிக்கப் பிள்ளை வாணி விழாவுக்கு வாழை கட்டும். ஏறாவூரிலிருந்து வருகிற விஞ்ஞான சேர் நோன்போடு நின்று பதில் எழுதிக் காட்டுவதை வகுப்பு முழுதும் பார்த்துக்கொண்டிருக்கும். இதனால் பிற்காலத்தில் ஒரு குறைபாடு உண்டாகிறது. மேடையில் ஒருவர் ஏறி ஒரு கூட்டத்தை முழுதாக வெறுக்கச் சொல்லும்போது, இந்தப் பிள்ளைகளுக்கு முகங்கள் ஞாபகத்துக்கு வந்து காரியம் கெட்டுப்போகும். இந்தக் குறைபாடு முற்றியவர்கள் தேர்தலில் வென்று நான் பார்த்ததில்லை.

புனித மிக்கேல் என்றால் கூடைப்பந்துத் திடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்து 1948இல் இங்கே வந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார், மட்டக்களப்புப் பொடியன்களுக்குக் கூடைப்பந்துப் பைத்தியம் பிடிக்கவைத்து, கொழும்புக் கல்லூரிகளைத் தோற்கடிக்கிற அளவுக்குக் கொண்டுபோனார். பின்னேரம் இரண்டு மணி நேரம் பந்தோடு ஓடுகிற பிள்ளை அந்த நேரத்தில் எத்தனை கடந்தகால வினாத்தாள் செய்திருக்கும்!

அவரைப் பற்றி எழுத வந்தால் பகிடி அதற்கு மேல் போகமாட்டேன் என்கிறது. 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த தமிழ் இளைஞர் ஒருவரோடு காணாமல்போனார். இருவரைப் பற்றியும் இன்றுவரை ஒரு முடிவு தெரியாது. அந்த நாட்களில் கிழக்கில் பிள்ளைகளைத் தேடி அழுதுகொண்டு வந்த தாய்மாருக்குக் கதவைத் திறந்துவைத்தவர்களில் ஒருவர், அவரோடு அதே ஆண்டு வந்த ஹரி மில்லர் அடிகளார். மட்டக்களப்பு சமாதானக் குழுவில் இருந்து, காணாமல்போனவர்களைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தவர். 2009இல் ஓய்வுக்காக நியூ ஓர்லியன்ஸுக்குப் போனார். கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு மட்டக்களப்புக்கே திரும்பிவந்தார். 2017 புத்தாண்டு நாளில் இங்கேதான் இறந்தார்.

பிள்ளை வெளிநாடு போவதாக இருந்தால், விசா நேர்முகம் முடியும்வரை இந்தக் கதையை வீட்டில் எடுக்கவேண்டாம்.

வாவி

வாவியைத் தவிர்ப்பது கஷ்டம். நீளம் மட்டும் 56 கிலோமீற்றர் என்கிறார்கள். புளியந்தீவில் எந்தப் பக்கம் கிறுகினாலும் தண்ணீர். ஆனால் பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கிற பழக்கத்தைத் தடுத்தே ஆகவேண்டும். பாடும் மீனுக்குக் காது கொடுத்தவர்கள் ஒருவரும் தங்கள் வேலையோடு நின்றதில்லை. டெனன்ட் 1848இல் கேட்டார். குடியேற்ற நாட்டுச் செயலாளர் உத்தியோகத்தில் இருந்த மனிதர், அதைப் புத்தகத்தில் விரிவாக எழுதிவைத்தார். ஜேசு சபையின் லாங் அடிகளார் ஒலிப்பதிவுக் கருவியோடு தோணியேறினார். அது வானொலி வரைக்கும் போனது. விபுலாநந்தர் கேட்டுவிட்டு நீரரமகளிர் பாடுகிறார்கள் என்று கவி கட்டினார். பாடுவது மீனா, ஊரியா என்று ஊரில் தகராறு இன்னும் தீரவில்லை.

ஒரே சத்தம். உயிரியல் கேள்வி, பௌதிகக் கேள்வி, இலக்கியக் கேள்வி மூன்றும் அதற்குள் இருக்கின்றன. எந்த வினாத்தாளிலும் வராது. புள்ளியில்லாத கேள்விக்கு விடை தேடத் தொடங்கிவிட்டது என்றால் பிள்ளைக்கு நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

கலைப்பிரிவு என்ற சொல்லை வீட்டில் உச்சரிக்கவேண்டாம்

சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளை, தமிழும் நாடகமும் வரலாறும் படிக்கப்போகிறேன் என்று சொன்னால் அன்றைக்கு வீட்டில் உலை ஏறாது. செங்கலடியிலிருந்து பெரியம்மா பஸ்ஸேறி வந்து, "என்னகா, புள்ளைக்கு ஏதும் செய்வினையா?" என்று கேட்பார். காரணம் இருக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தகுதி, 55 வீதம் மாவட்டப் பங்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு; மட்டக்களப்பு அந்தப் பட்டியலிலும் உண்டு. பிள்ளைக்குச் சாதகம் எழுதுவதற்கு முதல் நாம் கணித்து வைத்திருக்கும் கணக்கு இது. அதற்குள் நாடகத்தைக் கொண்டுவந்து எங்கே வைப்பது?

கலை வேண்டாம் என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. மதிப்போடு தூரத்தில் வைத்திருக்கிறோம். வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்த இடத்தில் கலை கலாசார பீடம் இருக்கிறது. கல்லடியில் நடனம், சங்கீதம், நாடகம், ஓவியம் படிக்க விபுலாநந்தர் பெயரிலேயே அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. விழாவுக்கு அழைத்தால் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வருவோம். மேடையில் ஆடுகிற பிள்ளை நம்முடையதாக இல்லாமல் இருந்தால் போதும்.

மருந்து

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் மருந்து ரியூசன். கல்லூரி விட்டு ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையைக் கொட்டகைக்குள் இருத்திவிடவேண்டும். முந்நூறு பேர், ஒரு ஒலிவாங்கி, மேலே தகரம். யாருக்கும் யார் பெயரும் தெரியாது. சேர் கேள்வி கேட்கமாட்டார், கேட்கவும் விடமாட்டார். கேட்டால் குறிப்பு எழுதுவது தாமதமாகும். காலையில் கல்லூரி உண்டாக்கிய சேதத்தைப் பின்னேரமே சரிப்படுத்த இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை மனிதர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பரீட்சை வருடத்தில் கல்லூரிக்கே போகாமல் இருப்பது உத்தமம். வரவு 80 வீதம் வேண்டும் என்பார்கள். வைத்தியச் சான்றிதழ் எதற்காக இருக்கிறது? ஞாயிறு காலை பூசையும் ஆராதனையும் அறநெறி வகுப்பும் ரியூசனோடு மோதும். கடவுள் பொறுத்துக்கொள்வார், கணக்கு சேர் பொறுக்கமாட்டார்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் பிள்ளை மூன்று ஏயோடு, கையில் வேறு ஒன்றும் ஒட்டாமல், சுத்தமாக வெளியே வரும்.

அந்த நேரம் பார்த்து டொரொன்டோவிலிருந்து சித்தி அழைப்பார். அமெரிக்காவில் ஒரு சின்னக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் இருக்குதாம். ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள்தானாம். ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியுமாம். கணிதம் படிக்கப் போனாலும் இலக்கியம், தத்துவம், இசை, வேதாகமம் எல்லாம் சேர்த்துப் படிப்பிப்பார்களாம். பின்னேரத்தில் கட்டாயம் விளையாடவேண்டுமாம். ஸ்கொலர்ஷிப் போக மிச்சம் நாம் கட்டினால் சரியாம். புளியந்தீவில் சும்மா கிடைத்ததிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றப் பதின்மூன்று வருடம் பாடுபட்ட குடும்பம், அதையே டொலரில் வாங்குவதற்காகப் படுவான்கரையில் இருக்கிற வயலுக்கு விலை கேட்கத் தொடங்கும்.

அங்கே ஒரு சின்னத் தடை உண்டு. விண்ணப்பத்தோடு கட்டுரை ஒன்று கேட்பார்கள்: வகுப்பறைக்கு வெளியே உன்னை மாற்றியது எது? இந்த வழிகாட்டியை ஒழுங்காகக் கடைப்பிடித்த பிள்ளைக்கு எழுத ஒன்றும் இருக்காது. பதறவேண்டாம், அதற்கும் ரியூசன் வந்துவிடும். ஞாயிறு பின்னேரம் இரண்டரை, கட்டணம் முற்பணம். மாதிரிக் கட்டுரை மூன்று தருவார்கள்: ஏழைப் பிள்ளைக்குப் படிப்பித்தது, சுனாமி, பெத்தாவின் மரணம். பிள்ளை 2004க்குப் பிறகு பிறந்திருந்தால் சுனாமியை எடுக்கவேண்டாம். பெத்தா கட்டுரைக்குத்தான் எல்லோரும் கைநீட்டுவார்கள். எடுப்பதாக இருந்தால், ஒரே கொட்டகையிலிருந்து ஒரே பல்கலைக்கழகத்துக்கு ஒரே பெத்தா இரண்டு முறை சாகாமல் பக்கத்து வாங்குப் பெற்றோரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.